அமாவாசை எந்தக் கிழமை

மாசி 9, ஞாயிறு

காலையில் பனி மூட்டம். ஏரி தெரியவில்லை. துடுப்புச் சத்தம் மட்டும்.

நைனாவின் காலுக்குப் புதுத் தழை வைத்துக் கட்டினேன். பழைய கட்டை அவிழ்த்தபோது நாற்றம். திருக்கை முள் ஏறி இன்றோடு இருபத்து மூன்று நாள். வீக்கம் முழங்கால் வரை வந்துவிட்டது. காய்ச்சல் விட்டு விட்டு அடிக்கிறது. என்ன கிழமை என்று காலையில் மூன்று தடவை கேட்டார்.

அம்மா பசியாவரத்தில், அக்கா வீட்டில். அக்காவுக்கு மாதம் நிறைந்துவிட்டது, பிள்ளை பிறந்து பத்து நாள் கழித்துத்தான் வருவாள். வீட்டில் நைனா, அண்ணன், நான்.

இந்தத் தாள் அண்ணன் கொண்டுவந்து போட்டது. ஒரு பக்கம் உலாந்தாக்கார வெள்ளையர் எழுத்து, குறுக்கே அடித்தது. அவர்கள் கோட்டைக் கிடங்கில் வேண்டாமென்று எறிவதை வாத்தியார் பொறுக்கி வந்து பள்ளிக்கூடத்தில் கொடுக்கிறார். மறுபக்கம் எனக்கு. நான் எழுதுவது யாருக்கும் தெரியாது. தாள் குறைவு. அதனால் வாத்தியாரை இனி வா. என்று மட்டும் எழுதுவேன். அதற்கு மேல் அவருக்கு இடம் கொடுக்க மனமும் இல்லை.

ஊர்ப் பெரியதனக்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்து வாசலில் நின்று சொல்லிப் போனார்.

"வர்ற அமாவாசை உச்சிக்குப் பாடு போடறோம். சோழியோட ஆள் வந்துடணும்."

நைனா படுத்தபடியே, "என் பையன் நிப்பான்" என்றார்.

"நின்னா சரி."

பானையிலிருந்து சோழி வரும் வரிசைதான் பாடு, வீடுகள் வருஷம் முழுக்க அந்த முறையில் வலை கட்டும். போன வருஷம் எங்கள் சோழி ஏழாவதாக வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஏழாவது நாள் முகத்துவாரத்துப் பக்கம் வலை கட்டும் முறை கிடைத்தது. வருஷம் முழுக்க அந்த இறாலில்தான் அடுப்பு எரிந்தது. அக்கா கல்யாணமும் அதில்தான். குடும்பத்துக்கு ஓர் ஆண், முழங்கால் தண்ணீரில், தன் காலில், கடைசிச் சோழி எடுக்கும் வரை நிற்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறார்கள். நிற்காத வீட்டுக்கு அந்த வருஷம் ஏரியில் இடம் இல்லை.

அண்ணன் ஒரு நாள் போய் நின்றால் போதும். பிறகு நைனா கால் ஆறி எழுந்து வலை கட்டிக்கொள்வார்.

எண்ணெய் தீர்ந்துவிட்டது. மறக்காமல் கேட்க வேண்டும்.


மாசி 10, திங்கள்

கொண்டல் காற்று. கருவாட்டை இரண்டு தடவை உள்ளே எடுத்து இரண்டு தடவை வெளியே போட்டேன்.

சாயங்காலம் வா. வந்தார். வந்தால் உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிடுவார். கோட்டைக் கிடங்குக்கு ஓர் எழுத்தர் வேண்டுமாம். வியாழக்கிழமை காலை பரீட்சை. எட்டுப் பேர் எழுதுகிறார்கள். அண்ணன் தானியேல் பெயரைக் கொடுத்துவிட்டாராம்.

"தானியேல் மாதிரி மூளை இந்தக் கடற்கரையில நூறு வருஷத்துக்கு ஒண்ணுதான் பிறக்கும். மூளை இருக்கிறவன் சேத்துல நிக்க வேண்டியதில்லை."

இதை நைனாவின் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நைனா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அந்தத் தழைச் சட்டியை எடுத்து அவர் மேல் ஊற்றத் தோன்றியது. தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். என்னைப் பார்க்காமலே குடித்தார்.

நைனாவுக்குத்தான் ஞாபகம் வந்தது. "வியாழன்னா, பாடு இன்னா ஆவறது?"

அண்ணன் மாடத்திலிருந்து வா. கொடுத்த பஞ்சாங்கத்தை எடுத்தான். அச்சுப் போட்டது. உலாந்தாக்காரர்களின் பத்தாவியா ஊரிலிருந்து கப்பலில் வந்தது. விரலை வைத்து வாசித்தான்.

"அமாவாசை வெள்ளிக்கிழமை நைனா. வியாழன் பரீட்சை எழுதிட்டு, வெள்ளி வந்து தண்ணியில நிக்கிறேன். ரெண்டும் ஆச்சு."

"பாத்தீங்களா" என்றார் வா. "படிப்பு இருந்தா எல்லாத்துக்கும் வழி இருக்கு."

நைனா முகம் மலர்ந்துவிட்டது. இருபத்து நாலு நாளில் இன்றுதான் சிரித்தார். அதற்காக அந்தப் பஞ்சாங்கத்தை ஒரு நொடி மன்னித்தேன்.


மாசி 11, செவ்வாய்

வெயில். வலைக் கிழிசல் தைத்தேன். விரலில் ஊசி இறங்கிவிட்டது.

அண்ணன் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்குப் போட்டான். யாராவது பக்கத்தில் இருந்தால்தான் அவனுக்கு ஓடும். வா. எழுதிக் கொடுத்த கணக்கு: கப்பலில் நூற்றுப் பத்து மூட்டை. ஒரு படகு பதினெட்டு மூட்டை ஏற்றும். கரை சேர்க்க எத்தனை நடை?

அண்ணன் அழகான கையெழுத்தில் போட்டான். ஆறு, மீதி இரண்டு.

"ஏழு" என்றேன்.

"மீதி ரெண்டு புள்ள. பாரு."

"அந்த ரெண்டு மூட்டை நீந்தியா வரும்?"

ஆறை அடித்தான். பிறகு ஏழு என்று மாற்றி எழுதினான். நான் சொன்னதாக ஒரு வார்த்தை இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் நான் ஐந்து வருஷம். மணலில் எழுதி, ஓலையில் எழுதி, கடைசி வருஷம் தாள். எழுதச் சொன்னால் எல்லாம் எழுதுவேன். ஆனால் அங்கே எழுதினது கணக்கில்லை, எழுந்து நின்று ஒப்பிக்க வேண்டும். வெளியூரிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் குரு சோதிக்க வந்தார். வரிசையாக எழுப்பினார்கள். என் முறை வந்தது. எல்லாம் தெரியும். வாய் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ. யாரோ சிரித்தார்கள். அண்ணன் பக்கத்தில் எழுந்து அதையே கடகடவென்று சொன்னான். முந்தின நாள் நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவனுக்கு ஒரு கத்தி பரிசு. என்னைப் பற்றி வா. நைனாவிடம் சொன்னது: "பெண்ணுக்குத் தலையில ஒண்ணும் ஏறல. வீட்டு வேலைக்கு வெச்சுக்குங்க."

அடுத்த வாரத்திலிருந்து மீன் பிரித்தேன். எனக்குப் பதினோரு வயது.

இன்று வலை தைத்துக்கொண்டே ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன், பள்ளிக்கூடத்தில் முதலாவது நின்றவர்கள்.

சூசை. நாலு வருஷம் முதல். இப்போது கோட்டையில் கதவு திறந்து மூடுகிறான்.
வா. தன் காலத்தில் அவர்தான் முதலாம், அவரே சொல்வார். செருப்பு வார் அறுந்து தென்னங்கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்.
கடைசியில் நின்றவன்: கோவிந்தன், பக்கத்து வீடு. மூன்று வருஷம் உட்கார்ந்தும் ஙகர வரிசை தாண்டவில்லை. வா. அவன் முதுகில் பிரம்பு ஒடித்தார். இப்போது இரண்டு படகு. தண்ணீர் நிறத்தைப் பார்த்து மீன் எங்கே என்று சொல்கிறான்.

இதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்புறம் மத்தியாஸ் ஞாபகத்துக்கு வந்தான். அவனும் முதல்தான். துபாஷியாகிப் பல்லக்கில் போகிறான். பட்டியல் கெட்டுப்போனது. அடித்துவிட்டேன்.


மாசி 12, புதன்

விடியுமுன் இறால் தடவப் போனேன். கரையோரத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் சேற்றைத் துழாவி எடுத்துப் பறியில் போடுவது. ஆள் யாரும் இல்லாத வேலை, அதனால் பிடிக்கும். இன்று இரண்டு கை அளவுதான்.

கிழக்கே பிறை. நகத்தைவிட மெல்லிசு. விடிந்ததும் கரைந்துவிட்டது.

இவ்வளவு மெல்லிசாக இருந்தால் மறுநாள் தெரியாது. தெரியாத நாள் அமாவாசை. அப்படியானால் நாளைக்கு. வியாழன்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். எழுதும் இறகைச் சீவிக்கொண்டிருந்தான்.

"நாளைக்குத்தான் அமாவாசை போலத் தெரியுது."

"இன்னா?"

"பிறை பாத்தேன்."

சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தையைப் பார்த்துச் சிரிப்பது போல. பஞ்சாங்கத்தைத் திறந்து என் மூக்குக்கு நேராகப் பிடித்தான். "எழுத்து மறந்துடுச்சா? வெ, ள், ளி."

நைனா படுக்கையிலிருந்து, "அவனைத் தொந்தரவு பண்ணாத புள்ள. புஸ்தகத்துல போட்டிருக்கான் இல்ல."

முன்பென்றால் நைனா வாசலில் வந்து தண்ணீரை மோந்து பார்த்தே நாள் சொல்வார். இருபத்தாறு நாளாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். மகன் படித்ததிலிருந்து தனக்குத் தெரிந்ததெல்லாம் தெரியாதது என்று நினைத்துக்கொள்கிறார். அதுதான் எனக்கு ஆத்திரம். முள் ஏறியது காலில் மட்டும் இல்லை.

மத்தியானம் அவன் குளிக்கப் போனபோது பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். உலாந்தா எழுத்துக்குப் பக்கத்தில் வா. தமிழில் குறித்திருக்கிறார். அமாவாசை, வெள்ளி, நடுராத்திரி கழிந்து ஒரு மணி.

பாத்திரம் கழுவும்போது புரிந்தது. பத்தாவியா கிழக்கே. வா.தான் ஒரு நாள் எலுமிச்சம்பழத்தை விளக்குக்கு முன்னால் சுற்றிக் காட்டினார். கிழக்கே இருப்பவனுக்கு முன்னால் விடியும். அங்கே வெள்ளி பிறந்து ஒரு மணி ஆகும்போது இங்கே வெள்ளி பிறந்திருக்காது. இங்கே வியாழன் ராத்திரிதான். புஸ்தகம் பொய் இல்லை. வேறு ஊர்.

சட்டியைக் கவிழ்த்துவிட்டு வந்தேன். அண்ணன் தலை துவட்டிக்கொண்டே வா.விடம் பேசிக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்று எலுமிச்சம்பழம் என்று ஆரம்பிப்பதா. கையில் கரி.

சொல்லவில்லை.

உண்மையை எழுதுகிறேன், இங்கேதான் எழுத முடியும். வெட்கம் மட்டும் இல்லை. போய் வெள்ளிக்கிழமை வெறும் தண்ணீரில் நிற்கட்டும், ஊரே பார்க்கட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. இனிப்பாக இருந்தது. உடனே நைனா ஞாபகம் வந்து பயம். காலையில் அவன் தனியாக இருக்கும்போது சொல்லிவிட வேண்டும்.


மாசி 13, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விடியுமுன் ஏரிக்குப் போனேன். வானம் துடைத்தது போல் சுத்தம். பிறை இல்லை. தண்ணீர் நேற்றைவிட ஒரு முழம் மேலே ஏறியிருந்தது. பறியைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். அண்ணன் இல்லை. இருட்டோடு வா. வந்து அழைத்துப் போய்விட்டாராம். இரண்டு பேரும் பிரார்த்தனை செய்துவிட்டுப் போனார்கள் என்று நைனா சந்தோஷமாகச் சொன்னார். அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

வெயில் ஏறும் நேரம் ஆட்களை ஏரிக்குக் கூப்பிட்டுச் சங்கு ஊதினார்கள்.

கோட்டைக்கு ஓடினேன். அகழிப் பாலத்தில் இரண்டு சிப்பாய்கள். இந்தப் பக்கம் வேப்ப மரத்தடியில் வா., மடியில் அதே பஞ்சாங்கம்.

"இன்னா, கூடை எங்கே? மீன் விக்க வந்தியா?"

"அண்ணனக் கூப்பிடணும். ஊர்ல சங்கு ஊதிட்டாங்க. இன்னிக்குத்தான்."

"இன்னிக்கு இன்னா?"

"அமாவாசை."

பொறுமையாகப் பக்கத்தைப் புரட்டினார். எனக்குக் காட்டினார். நான் பத்தாவியா, கிழக்கு என்று ஏதோ சொன்னேன். எலுமிச்சம்பழம் என்றும் சொன்னேன் போல. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கே விளங்கவில்லை, வார்த்தை அப்படி உடைந்து வந்தது.

"இதோ பார். உங்க ஊர்க்காரங்க ஒரு நாள் முன்ன பின்ன சங்கு ஊதுவாங்க. அவங்களுக்கு எழுத்துத் தெரியாது. உள்ளே பரீட்சை நடக்குது. இப்ப அவனக் கூப்பிட்டா அவன் வாழ்க்கையே போயிடும். அது உனக்குப் புரியாது."

அகழிக்கு அந்தப் பக்கம் சன்னல் திறந்திருந்தது. அண்ணன் தலை தெரிந்தது. குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். ஒரு தடவை கத்தினால் கேட்கும். மீன்காரிகள் இதைவிடத் தூரத்துக்குக் கத்துவார்கள். வாயைத் திறந்தேன். சிப்பாய் இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். காற்றுதான் வந்தது. பள்ளிக்கூடத்தில் நின்றது போலவே நின்றேன்.

திரும்ப ஓடினேன்.

நைனா சங்கைக் கேட்டுப் படுக்கையிலிருந்து உருண்டு வாசல் வரை வந்துவிட்டாராம். கோவிந்தன் பார்த்து முதுகில் தூக்கிப் போயிருக்கிறான். நான் போனபோது ஆண்கள் எல்லாரும் தண்ணீரில் வட்டமாக. நடுவில் பெரியதனக்காரர் கையில் பானை. நைனா கோவிந்தன் தோளைப் பிடித்து ஒற்றைக் காலில்.

யாரோ, "பையன் எங்கேப்பா? கோட்டையில மசி குடிக்கிறானா?" என்றார்கள். சிரிப்பு.

பெரியதனக்காரர் சிரிக்கவில்லை. "தோளை வுடு மாமா. தனியா நில்லு."

கோவிந்தன், "நான் புடிச்சிக்கினு நிக்கிறேன். அவருக்கு இன்னா கொறைஞ்சுபோச்சு? முப்பது வருஷமா நின்ன ஆளு."

"இன்னிக்கு நீ ஒருத்தரப் புடிப்ப. நாளைக்கு நாலு பேரு பொணத்தப் புடிச்சிக்கினு வந்து நிப்பான். தண்ணியில நிக்க முடியாதவன் வலை எப்படிக் கட்டுவான்? வுடு."

நைனாவே கையை எடுத்தார். இரண்டு காலையும் ஊன்றினார். முகம் வெளுத்தது. பானையைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு சோழி எடுத்தார்கள், கோவிந்தனுடையது, முதல். அடுத்தது எடுத்தார்கள். மூன்றாவதுக்கு முன்னால் நைனா பக்கவாட்டில் சாய்ந்து தண்ணீரில் விழுந்தார்.

நான் இறங்கிப் போய்த் தலையைத் தூக்கினேன். பெரியதனக்காரர் பானையிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்த சோழி என் கையிலிருந்து நழுவிச் சேற்றில் போயிற்று. எங்கள் வீட்டு அடையாளம் வெட்டிய சோழி. மிச்சச் சோழிகளை எடுத்து முடிக்கும் வரை அவரை மடியில் சாய்த்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். முழங்கால் தண்ணீர். கடைசிவரை. யாரும் எண்ணவில்லை.

கோவிந்தன்தான் திரும்பத் தூக்கி வந்தான். வழியில் நைனா ஒரு தடவை, "பையனுக்குப் பரீட்சைடா" என்றார்.


மாசி 14, வெள்ளி

வெயில். காற்றே இல்லை.

அண்ணன் நேற்றுச் சாயங்காலம் வந்தான். சொன்னோம். நம்பவில்லை. கணக்குத் தவறு, ஊரார் தப்பு, பெரியதனக்காரரிடம் பேசிக்கொள்ளலாம் என்றான்.

இன்று உச்சிக்கு வேட்டியை மடித்துக் கட்டி, பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனான். நான் தூரத்திலிருந்து பார்த்தேன். தண்ணீரில் யாரும் இல்லை. நண்டு பிடிக்கிற சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். அவன் முழங்கால் வரை இறங்கி நின்றான். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். ஒருத்தி, "தம்பி, ஊர்க்கூட்டமா? ஒத்த ஆளாத்தான் வந்திருக்கீங்க" என்றாள்.

புதன்கிழமை இதற்குத்தான் ஆசைப்பட்டேன். பார்த்தேன். இனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மேல் பாய்ந்தான்.

"ஏன் சொல்லல நீ?"

"புதன்கிழமை சொன்னேன்."

"அது சொல்றதா? முணுமுணுன்னு. தெரியாத ஆளு மாதிரி சொன்ன. தெரிஞ்சா தெரிஞ்ச மாதிரி சொல்லணும்."

"கோட்டைக்கு வந்தேன். வாத்தியார் வுடல."

"கத்தியிருக்கலாம்ல?"

இருக்கலாம்.

பெரியதனக்காரர் வீட்டுக்கும் போய் வந்தான். பஞ்சாங்கத்தை விரித்துக் காட்டினானாம். அவர் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். "நல்லா இருக்கு. அடுத்த வருஷம் வா."


மாசி 15, சனி

பசியாவரத்திலிருந்து படகு. அக்காவுக்குப் பெண் குழந்தை. இரண்டு பேரும் சுகம். அம்மாவுக்குப் பாடு விஷயம் சொல்லி அனுப்ப வேண்டாம் என்று நைனா சொன்னார்.

பெண். பார்க்க ஆசையாக இருக்கிறது. சத்தமாக அழுகிறதாம். நல்லது, அழட்டும்.

நைனாவுக்குக் காய்ச்சல் கூடிவிட்டது. கஞ்சி இறங்கவில்லை.


மாசி 17, திங்கள்

மேகம். தூறல் ஐந்து நிமிஷம்.

வா. பனைவெல்லத்தோடு வந்தார். தெருமுனையிலேயே குரல் கேட்டது. அண்ணனுக்கு வேலை கிடைத்துவிட்டது. எட்டுப் பேரில் முதல். வரும் திங்கள் சேர வேண்டும். கோட்டைக்குள்ளேயே தங்குவது, சாப்பாடு அங்கேயே.

"நான் சொன்னேனே. படிப்பு கைவிடாது. ஏரி கைவிடும், கால் கைவிடும், படிப்பு கைவிடாது."

நைனா எழுந்து உட்கார முயன்றார். கண்ணில் தண்ணீர். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிடச் சொன்னார். கோவிந்தனின் அம்மா வந்தாள். வெல்லம் வாங்கிக்கொண்டாள். "அப்ப இனிமே உங்களுக்கு இன்னா கவலை" என்றாள். உண்மையாகவே கேட்டாளா, குத்தினாளா, தெரியவில்லை.

அண்ணன் பரீட்சையைப் பற்றிச் சொன்னான். ஐந்து கேள்வி. ஒரு கடிதம் பெயர்க்க வேண்டும். படகு நடைக் கணக்கு ஒன்று, அதில் மீதியை விடாமல் இன்னொரு நடை சேர்த்து எழுதியது அவன் ஒருத்தன்தானாம். துரையே மெச்சினாராம். என் பக்கம் ஒரு கணம் பார்த்தான். பிறகு வெல்லத்தைப் பார்த்தான்.

நாலாவது கேள்வி பஞ்சாங்கம் வாசிப்பது. கப்பல் சாமான் கரையேற்ற நாள் பார்க்கத் தெரிய வேண்டுமல்லவா. இந்த மாதம் அமாவாசை எப்போது?

"இன்னா எழுதின?" என்று நான் கேட்டேன். அத்தனை பேர் முன்னால் என் குரல் எனக்கே கேட்டது.

"புஸ்தகத்துல இருக்கிறதுதான். வெள்ளி."

"அதுக்கு?"

"சரின்னு குறி போட்டுட்டாங்க."

வா. செருப்புக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். அப்புறம் நைனா சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்தது, இருமலோடு சிரிப்பு.

"அப்ப ஏரிதான் தப்பு பண்ணிச்சு" என்றார். "ஒரு நாளு முன்னாடி வந்துடுச்சு. அதுக்குப் படிப்பு இல்லயே, பாவம்."

கோவிந்தனின் அம்மாவும் சிரித்தாள். அண்ணன் கொஞ்சம் சிரித்தான். வா. நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை என்று இரண்டு தடவை சொன்னார். நான் பின்பக்கம் போய்க் கருவாட்டைத் திருப்பிப் போட்டேன். திருப்ப வேண்டியதில்லை, காலையிலேயே திருப்பியாயிற்று.

ஒரே பதில். ஏரியில் சொன்னதற்கு வருஷம் போயிற்று. தாளில் எழுதினதற்கு வேலை வந்தது. எனக்குத் தெரிந்த பதில் சரி. அதைக் கேட்ட இடம் எங்கேயும் இல்லை.

அண்ணன் கெட்டவன் இல்லை. அதையும் எழுதி வைக்கிறேன். சாயங்காலம் நைனாவின் கட்டை அவனே மாற்றினான். நாற்றத்துக்கு முகம் சுளிக்கவில்லை. "மாசம் மாசம் அரிசி அனுப்பறேன்" என்றான். அனுப்புவான். நைனாவுக்கு அரிசி வேண்டியதில்லை என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை எனக்கு. அவருக்குக் காலையில் எழுந்தால் போவதற்கு ஓர் இடம் வேண்டும்.


மாசி 19, புதன்

நைனா காலையில் வாசல் வரை நகர்ந்து வந்தார். காய்ச்சல் இல்லை. ஏரிக்குப் போகும் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் போகிறபோக்கில், "கால் எப்படி?" என்றார். "தேவல" என்றார் நைனா. அவர் போன பிறகும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் வலையைக் கோவிந்தன் எடுத்துப் போனான். அவனுடையதில் ஒன்று பழையதாம், முதல் முறைக்கு நல்ல வலை வேண்டுமாம். நைனாதான் எடுத்துப் போகச் சொன்னார். சும்மா கிடந்தால் எலி கடிக்கும் என்றார். நான் தைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, "நல்லாத் தெச்சிருக்கா" என்று அவனிடம் சொன்னார்.

நாளை மறுநாளிலிருந்து நான் கோவிந்தன் வீட்டுக்கு இறால் பிரிக்கப் போகிறேன். அவனுடைய அம்மா கேட்டாள். நைனா சரி என்றார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், வேறு என்ன இருக்கிறது.


மாசி 21, வெள்ளி

குளிர். விடியுமுன் போனேன்.

கோவிந்தனுக்கு முகத்துவாரத்து முறை. இரண்டு படகும் நிறைந்து வந்தன. கொட்டக் கொட்ட வெள்ளை இறால். நாலு பெண்களோடு உட்கார்ந்து பிரித்தேன். பெரிது ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம், நண்டு தனி. கொடுக்கு விரலைக் கிழித்தது. மற்றவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

"இவ அண்ணன் கோட்டையில பெரிய ஆளாம்ல?"

"ஆமா. மூளைக்காரன்."

"இவளுக்கு?"

"இவளுக்கு வாயே இல்ல, மூளை எங்க."

சிரித்தார்கள். என் கை அவர்கள் கையைவிட வேகமாகப் போனது. அதையும் யாரும் பார்க்கவில்லை.

வேலை முடிந்து கை கழுவும்போது கோவிந்தன் வந்தான். "செல்லி, ஒரு ஒத்தாசை" என்றான்.

யார் எந்த நாள் வலை கட்டுகிறார்கள் என்று கோட்டையில் எழுதிக் கேட்டிருக்கிறார்களாம். முதல் சோழி அவனுடையது என்பதால் அவன்தான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று பெரியதனக்காரர் சொல்லிவிட்டார்.

"வாத்தியார்கிட்ட போவலாம். ஆனா அவரப் பாத்தா எனக்கு இப்பவும் முதுகு எரியுது. உனக்கு எழுத வரும்ல? பள்ளிக்கூடத்துல உன் ஓலையைப் பாத்துத்தான நான் எழுதுவேன். அதுல மட்டும்தான் எனக்கு அடி விழாது."

அந்தப் பட்டியலில் எங்கள் வீட்டுப் பெயர் இருக்காது. இருபத்தெட்டு வீடு, நாளோடு, வரிசையாக, என் கையால். எழுதினால் நன்றாகத்தான் எழுதுவேன். அமாவாசை எந்தக் கிழமை என்று கூடச் சரியாக எழுதுவேன். அது கோட்டைக்குப் போகும். அங்கே அண்ணன் அதைப் பார்த்து அழகாகப் பெயர்த்து எழுதுவான்.

"வராது" என்றேன்.

"வரும். நான் பாத்திருக்கேன்."

"மறந்துபோச்சு."

அவன் என் விரலைப் பார்த்தான். மசி. இறால் நீரில் எத்தனை கழுவியும் போகவில்லை.

"வராது" என்று இன்னொரு தடவை சொன்னேன், இந்தத் தடவை நாலு பெண்களுக்கும் கேட்கும்படி.